காட்டாமல் விட்ட வரி

நெரிசல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. சத்திரம் பேருந்து நிலையத்தில்கூடக் கூட்டம் குறைந்த பிறகுதான் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறுவேன்.

திருச்சியில் ஒரு தனியார் புற்றுநோய் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கட்டியிலிருந்து எடுத்த திசுவில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று இயந்திரம் அளந்து தரும். ஒரு நோயாளிக்கே ஆயிரக்கணக்கான எண்கள். புள்ளியியல் மென்பொருளில் அந்தத் தரவின் பெயரைத் தட்டினால் அத்தனையும் திரையில் கொட்டும். யாராலும் படிக்க முடியாது. அதற்காகத்தான் ஒரு நிரல் எழுதினேன். இப்போது பெயரைத் தட்டினால் முக்கியமான சில ஜீன்கள், சுருக்கிய எண்கள், அடியில் முடிவு. திசு மாதிரி கெட்டிருந்தால் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வரி.

அந்த முடிவைப் பார்த்துச் சிகிச்சை தீர்மானிக்கும் டாக்டர் ஹபீபுல்லாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சிவப்பு வரி மட்டும் உறுத்தியது.

"இது எதுக்கும்மா பிரான்சி, கண்ணைக் குத்துது?"

"மறைச்சுடறேன் சார். கெட்டுப்போன மாதிரி வந்தா நானே சொல்லிடறேன்."

அவர் என்னை நம்பினார்.

ஜீயபுரம் ரோசம்மாளின் திசு வழியில் வெயில்பட்டுக் கெட்டிருந்தது. மறைத்த எச்சரிக்கையை நிரலுக்குள் நான் பார்த்தேன். சொன்னால் அந்த அம்மாளுக்கு மறுபடி ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டும். டாக்டர் என் திரையைச் சந்தேகப்படுவார். சொல்லவில்லை. 'ஆபத்து குறைவு' என்று திரை காட்டியது. கீமோ தேவையில்லை என்று டாக்டர் முடிவெடுத்தார்.

ரோசம்மாளின் மகள் லிசி என்னைத் தேடி வந்தாள். "நல்லா பாத்துட்டீங்களா அக்கா? அம்மா ரொம்ப பயப்படுறாங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினேன். "நீங்களே பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு."

லிசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை வியர்த்திருந்தது. அவள் போனதும் துடைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் நோய் ஈரலுக்குப் பரவி ரோசம்மாள் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். 'நீங்க எவ்வளவு செஞ்சீங்க' என்று லிசி காபி கொடுத்தாள். சர்க்கரை கூடுதலாக இருந்தது. குடித்தேன்.

கவனிக்காமல் விட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அந்த வரி நிரலுக்குள் இன்னும் இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றினால் திரைக்கு வந்துவிடும். பிறகும் கெட்ட மாதிரிகள் வந்தன. மருங்காபுரியிலிருந்து ஆசீருடையது, அப்புறம் நசீராவுடையது. அவற்றையும் பார்த்தேன். ரோசம்மாளுக்குச் சொல்லாததை அவர்களுக்கு மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.