பதினான்கு செக்கன்

காது மெஷினுக்குப் போடுகிற பற்றரி மூச்சு விடும் என்பது பலருக்குத் தெரியாது. அது சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. பின்புறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் ஊசித் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போய்ப் பற்றரியை எழுப்பிவிடும். அதற்குப் பிறகு மெஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் நாலைந்து கிழமையில் தீர்ந்துவிடும். கடைப் பிள்ளை இதை விளங்கப்படுத்தியபோது, எவ்வளவு அழகான யோசனை என்று நினைத்தேன்.

மரண விசாரணை அதிகாரியான உங்களுக்கு இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். ஆனால் என் மகள் ரூபிகா கனடாவிலிருந்து மெஷின் கம்பனிக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறாள். மெஷின் பழுதானதால்தான் அம்மாவுக்கு ரயில் வந்தது கேட்கவில்லை என்று நம்புகிறாள். அது நியாயமல்ல. அந்த மெஷினில் ஒரு குறையும் இருக்கவில்லை.

என் பெயர் நாகேந்திரம். வெள்ளவத்தையில் முப்பத்தொரு வருடமாக வயலினும் வாய்ப்பாட்டும் படிப்பிக்கிறேன். பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். தினமும் ஏதாவது ஒன்றைப் புதிதாகச் செய்யுங்கள். குக்கர் விசிலுக்கும் ஒரு சுரம் இருக்கிறது, அதோடு இன்னும் நாலைக் கோர்த்துப் பாருங்கள். நானும் அப்படித்தான் வாழ்ந்தேன். நாளுக்கு ஒரு மெட்டு, கொப்பியில் திகதியோடு. பாடசாலைப் போட்டிகளில் பரிசு வாங்கிய பாட்டுகள் பல என் கொப்பியிலிருந்து போனவை.

மெட்டுகள் எப்படி வந்தன என்பதையும் சொல்லவேண்டும். என் மனைவி இரத்தினம்மாவுக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து காது போகத் தொடங்கியது. போகப் போக உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வாள். அந்தக் காலத்தில்தான் வாய்க்குள் பாடவும் தொடங்கினாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் வெட்கம் இல்லை. வேறு பாட்டுகள் காதில் விழாததால் யாருடைய சாயலும் இல்லை. தேங்காய் திருவும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் முழு மெட்டாக வரும். பாடுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதிக்கொள்வேன். எழுதிய கைதான் அதை இசையாக்கியது என்பது என் கருத்து. இன்றும் அதில் மாற்றமில்லை.

போன தை மாதம் ரூபிகா வந்து மெஷினை வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள், பிள்ளைகள் என் கொப்பி மெட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருக்க, இரத்தினம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சருங்கோ, இது எனக்குத் தெரிஞ்ச பாட்டு மாதிரிக் கிடக்குது.”

“உமக்கு இப்ப எல்லாமே பாட்டாத்தான் கேக்கும்,” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். “என்ர குரல் தகரத்தில கல்லு விழுந்த மாதிரியெல்லோ இருக்குது. இவ்வளவு காலமும் இதைக் கேட்டுக்கொண்டே குடும்பம் நடத்தினியள்?”

அன்றோடு பாட்டு நின்றது. பத்தொன்பது நாள் என் கொப்பியில் திகதி மட்டும் இருந்தது. இருபதாம் நாள் அதே பற்றரியில் இரண்டு அட்டை வாங்கினேன். ஸ்டிக்கர்களை உரித்து, வயலின் பெட்டிக்குள் ஐந்து கிழமை வைத்திருந்தேன். பிறகு ஸ்டிக்கர்களைத் திரும்ப ஒட்டி, அவளுடைய அட்டைகள் இருந்த இடத்தில் வைத்தேன். பொறுமை இருந்தால் கடினமான வேலை அல்ல.

புதுப் பற்றரி போட்டும் மெஷின் பேசவில்லை என்று கொண்டுவந்து காட்டினாள். கடல் காற்றில் உப்புப் பிடித்திருக்கும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, பம்பலப்பிட்டி வரை நடந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். திருத்த முடியாதாம் என்றேன். இரண்டு நாளில் குசினியிலிருந்து ஒரு மெட்டு வந்தது.

எதிர்வீட்டு ஸமீமா மட்டும் கவனித்திருந்தாள்.

“அங்கிள், ஆன்டிக்குக் காது திரும்பவும் வேல செய்யுதில்ல போல. பின்னால திரீவீலர்காரன் ஹார்ன் அடிச்சும் திரும்பல்ல. ரயில் ரோட்டுப் பக்கம் தனிய உட வாணாம்.”

“தனிய விடமாட்டன். நான் பின்னாலயே போறனான்.”

“மியூசிக் சேரே காவலுக்கு. ஆன்டிக்கு ராணி மாதிரித்தான்.”

அவள் சொன்னது சரி. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இரட்டை ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். பின்னேரம் சனம் எல்லாம் அதில்தான் நடக்கும். பாதையோர மணலில் நடக்கும்போது இரத்தினம்மாவின் பாட்டுத் தாளம் தப்பியது. தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கிற சிலிப்பர் கட்டைகளில் நடந்தால் தப்பவில்லை. கட்டைகள் சம இடைவெளியில் இருப்பதால் கால் தானாகத் தாளம் போடுகிறது, பாட்டு அதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அவளைக் கட்டையில் நடக்கச் சொன்னேன். நாங்கள் நடக்கிற பாதையில் ரயில் வந்தால் தோளில் தொடுவேன், உடனே இறங்கவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

“நீங்கள் பின்னால வாறியள்தானே. எனக்கென்ன பயம்,” என்றாள்.

கைபேசியில் பதிவுசெய்தபடி நாலு எட்டுப் பின்னால் நடப்பேன். ஏழு கிழமை ஒரு பிழையும் நடக்கவில்லை.

ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை ரயில் எங்களுக்குப் பின்னால், பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வந்தது. முதல் ஹார்ன் கேட்டதிலிருந்து எங்களிடம் வந்துசேரப் பதினான்கு செக்கன். தினமும் எண்ணிப் பழகியிருந்தேன். நாலு எட்டு வைத்துத் தொட மூன்று செக்கன், அவள் இறங்க இரண்டு. ஆகவே பாட்டுக்கு ஒன்பது கொடுக்கலாம்.

அவள் சரணத்தில் இருந்தாள். இத்தனை வருடத்தில் அப்படியொரு மெட்டு வந்ததில்லை. தொட்டால் அறுந்துவிடும். அறுந்ததை அவள் மறுபடி பாடியதே இல்லை. ஒன்பதுக்குள் முடியும் என்று கணக்கிட்டேன். கணக்குச் சரி, எட்டில் முடிந்தது. ஆனால் அவள் கடைசி வரியைத் திருப்பி எடுத்தாள். வேறு மாதிரி, ஒரு சுரம் மேலே ஏற்றி.

நான் கால் எடுத்து வைக்கவில்லை. தெரிந்துதான் வைக்கவில்லை. கேட்டபடியே பக்கத்தில் இறங்கி நின்றேன். தண்டவாளத்தின் அதிர்வு அவளுடைய காலில் தெரிந்திருக்கும். தோளில் கை விழாததால், மற்றப் பாதையில் போகிறது என்று நினைத்திருப்பாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவில் அந்தக் கடைசி வரி இல்லை. சாரதி ஹார்னை விடாமல் அழுத்தியிருக்கிறார். இரத்தினம்மாவுக்கு அதில் ஒரு துளிகூடக் கேட்டிருக்காது. பயமே தெரியாமல், பாடிக்கொண்டே போனாள். அந்த அளவுக்கு நான் அவளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.