ஒரு பிளேட், ஏழு ஸ்க்ரூ

ஓடுகிறோம். தூரத்தில் பீரங்கி 'டுப்'. பிறகு கூவல். பதினெட்டு எண்ணுவதற்குள் விழும். "குனியுங்கோ! செல் வருது!" யாரோ கத்துகிறார்கள். நானும் தங்கை கலாவும் பங்கருக்குள் குதிக்கிறோம். பதினேழு. பதினெட்டு. மேலே அடுக்கியிருந்த பனங்குற்றி சரிந்து கலாவின் வலது காலில் விழுகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு இருபத்திரண்டு. அப்பா முந்தின வாரம் செல்லடியில் போய்விட்டார். என் கண் முன்னால். அம்மா சனத்தோடு முன்னே போயிருந்தாள். கலாவைத் தூக்கினேன். இருபது எட்டு எடுத்து வைத்தேன். முடியவில்லை. மரத்தடியில் கிடத்தினேன். "தண்ணி கொண்டு வாறன்" என்றேன். தலையாட்டினாள். நான் தண்ணீர் தேடவே இல்லை. ஓடிவிட்டேன்.

முகாமில் அம்மாவைக் கண்டதும், கலா செல்லில் செத்துவிட்டாள் என்றேன். அந்தக் காலோடு எப்படிப் பிழைத்திருப்பாள், சொன்னது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

படகேறிக் கடல் தாண்டி வந்தோம். குன்னூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் சொந்தக்காரர் இருந்தார்கள். அங்கேயே வேலைக்கு நின்றோம். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அம்மா கலாவின் படத்துக்கு மாலை போட்டுச் சோறு படைப்பாள். கத்தரிக்காய்ப் பொரியலோடு. அந்தச் சோற்றை நானும் தின்றேன். வெட்கங்கெட்டவள்.

போன மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். கொழுந்து பறிக்கிறோம். "காட்டெருமைங்க! அக்கா, மேல ஓடுங்க!" ஓடினேன். தண்ணீர் வடியும் கான் பள்ளத்தில் விழுந்தேன். 'டக்' என்றது. வலது கால். அதே இடம்.

கூட வேலை செய்யும் நாலு பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து முடிந்து, அதில் என்னைத் தூக்கினார்கள். ரோடு வரை ஒரு மைல். இரண்டு தடவை வழுக்கினார்கள். கீழே போடவில்லை. அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "மூட்டுக்கிட்ட எலும்பு ஒடஞ்சு அமுங்கியிருக்குதுங்க. தூக்கி நிறுத்தி பிளேட் வெச்சரலாம். மூணு நாலு மாசத்துல நடப்பீங்க." அவ்வளவுதான். முதுகில் ஊசி போட்டார்கள். முழிப்பாகவே இருந்தேன். ஸ்க்ரூவுக்குத் துளைக்கும் சத்தம் ஏழு தடவை. எண்ணினேன். கலா விழுந்த இடத்தில் ஏது ஆஸ்பத்திரி என்று மனசு வாதாடியது. தூக்க நாலு பேரைக் கூப்பிட்டாயா என்றும் அதுவே கேட்டது. ஒருவரைக்கூட நான் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள். அம்மா என் காலுக்கடியில் தலையணை வைத்தாள். அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் என்று சொன்னதையும். அம்மா அழவில்லை. "காலை அசைக்காத" என்றாள். எழுந்து போய்ப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு வைக்கிறாள். பேசுவதில்லை.

அந்தப் போரில் போனவை இவை. வீடு. இரண்டு மாடு. அப்பாவின் சைக்கிள். செத்தவர்கள் எத்தனை பேர் என்று முகாமில் கேட்டு எழுதினார்கள். இரண்டு என்றேன். நான் பார்த்தது ஒன்றுதான். மற்றவளை உயிரோடு விட்டு வந்தேன்.