இரண்டாம் சரணம்

குளியலறையில் ஊற்றிய தண்ணீர் மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டால், அது எங்கே போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அதில் தப்பில்லை, அய்யா. இந்த வேலைக்கு வரும்வரை நானும் யோசித்ததில்லை.

பாதாளச் சாக்கடைப் பிரிவில் நான் மேற்பார்வையாளர். தண்ணீர்க் கட்டணத்தோடு சாக்கடைக்கும் ஒரு தொகை வீட்டுக்கு வீடு வாங்குகிறார்கள். அது பூங்காவுக்கும் நீரூற்றுக்கும் போய்விடும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அடைப்பு எடுக்க ஓர் இயந்திரம் கேட்டு நான் ஒன்பது வருடம் அழுதேன். நகரமன்றத் தலைவர் என்னை உட்காரவைத்துச் சிரித்தார்.

"பூமிக்கு மேல ஏதாவது கேளுங்க, திறப்பு விழா வைக்கலாம். அடியில போறதுக்கு யாரு வந்து கை தட்டுவா?"

நியாயமான கேள்விதான். பிறகு பக்கத்து நகரத்தில் ஒருவன் குழிக்குள் செத்தான். அதே மாதம் அங்கே இயந்திரம் வந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விஷவாயு பார்க்கும் கருவி பழுதாகி வருடக்கணக்காயிற்று. அதனால் உள்ளே இறங்குபவர் பாடிக்கொண்டே இருக்கவேண்டும். பாட்டு நின்றால் மேலே கயிறு பிடித்திருப்பவர் உடனே இழுக்கவேண்டும். எங்களில் நல்ல குரல் உள்ளவரை 'ரேடியோ' என்போம். அன்று அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, "சார், பாட்டு நின்னா இழுத்துடுங்க. மிச்சத்தை மேல வந்து பாடறேன்" என்றார். நானும் சிரித்தேன். கூட வந்தவனைக் குடிதண்ணீர் வாங்க அனுப்பியிருந்தேன்.

இரண்டாம் சரணத்தின் நடுவில் பாட்டு நின்றது. கயிறு ஒருமுறை வெடுக்கென்று அசைந்தது. நான் இழுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு நிமிடம். அவர் பிழைத்துவிட்டால் செய்தித்தாளில் ஒரு வரிகூட வராது. அதன்பிறகுதான் கூப்பாடு போட்டேன்.

இருபத்துமூன்றாம் நாள் இயந்திரம் வந்தது. சாக்கடைப் பணம் சாக்கடைக்கே என்று தீர்மானம் போட்டார்கள். இப்போது யாரும் உள்ளே இறங்குவதில்லை. ரேடியோவின் மனைவிக்கு எங்கள் அலுவலகத்திலேயே வேலை கொடுத்தார்கள். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களேண்ணே, அதுவே எனக்கு ஆறுதல்" என்பாள்.

வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் அவர் குரல் கேட்கிறது. அதே இடத்தில் நிற்கிறது. அடுத்த வரிக்காகக் காதைக் குழாயில் வைத்துக் காத்திருக்கிறேன்.

"தண்ணி போற சத்தங்க" என்கிறாள் மனைவி.

எனக்குப் பயமாக இருக்கிறது, அய்யா. அதனால்தான் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்காகச் செய்தேன். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கவில்லை. கயிற்றின் மறுமுனையில் யார் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

முறைப் பட்டியலில் அன்றைய பெயரை அடித்து ரேடியோ பெயரை எழுதியிருக்கிறதே என்று கேட்கிறீர்கள். ஆமாம், என் கையெழுத்துத்தான். அன்று இறங்கவேண்டியவன் என் தம்பி. அவனுக்கு லேசாகச் சளி பிடித்திருந்தது.