தலைவருக்குத் தெரியாதவை

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது, ஐயா. காகிதம் பறந்தால் எனக்கு மனசு நிலைகொள்ளாது. இருபத்தாறு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன்.

நான் நகராட்சித் தலைவரின் செயலாளர். வாக்காளர்களிடம் பொய் சொல்லும் அரசியல்வாதிக்குப் பதவியும் போகும், மூன்று வருடம் சிறையும் உண்டு என்று சட்டம் வந்த அன்று எங்கள் அலுவலகம் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. தலைவர் மதியம் சாப்பிடவில்லை. “இனிமே மேடையில நான் என்னத்தப் பேசறது?” என்றார். பாவமாக இருந்தது.

சட்டத்தை நான்தான் வரி வரியாகப் படித்தேன். பொய் என்று தெரிந்தே சொன்னால்தான் குற்றம். தெரியாமல் சொன்னால் ஒன்றும் இல்லை. போய்ச் சொன்னேன். “அப்போ எனக்கு எதுவும் தெரியாமப் பாத்துக்கப்பா” என்றார். அன்று ராத்திரிக்கு இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாராம்.

அதிலிருந்து அதுவே என் வேலை. வருகிற கடிதம், அறிக்கை எல்லாவற்றையும் முதலில் நான் படிப்பேன். நல்ல சேதி அவர் மேசைக்கு, மற்றது என் இரும்பு அலமாரிக்கு. யாராவது அதிகாரி நேரில் வந்து “ஐயா, ஒரு சிக்கல்” என்று ஆரம்பித்தால் தலைவர் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று ஊரே பேசியது. அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அவர் அத்தனை நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சாலைகள் நன்றாக இருப்பதாக மனதார நம்பினார். மேடையில் குரல் தழுதழுக்கும். ஊரிலேயே நேர்மையான மனிதர் அவர்தான். அந்த நேர்மையைக் கட்டிக் காத்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தேர்தலுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது பரிசோதனைக்கூடத்துப் பெண் ஓர் உறையோடு வந்தார். மேற்குப் பகுதிக் குடிநீர்த் தொட்டியில் சாக்கடை கலந்திருக்கிறது. “சார், இன்னைக்கே குழாயை மூடணும். தலைவர்கிட்ட நேர்லயே சொல்லிடறேன்” என்றார்.

“நான் பாத்துக்கறேம்மா, நீங்க கிளம்புங்க” என்றேன். உறை அலமாரியில் மூன்றாவது தட்டுக்குப் போனது. நேற்று உங்கள் ஆட்கள் எடுத்தது அதைத்தான்.

அன்று மாலை மேற்குப் பகுதிக் கூட்டத்தில் “நம்ம தண்ணி தாய்ப்பால் மாதிரி சுத்தம்” என்றார் தலைவர். நல்ல கைதட்டல்.

மறுநாள் காலையில் அக்கா போன் செய்தாள். அவள் வீடு அந்தத் தொட்டிக்குப் பின்தெரு. “தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுடா. பாப்பாவுக்குக் குடுக்கலாமா?”

பாப்பா அவளுடைய பேத்தி. நான்கு வயது. என்னைத் தாத்தா என்று கூப்பிடாமல் ‘ஃபைல் தாத்தா’ என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

“தலைவரே மேடையில சொல்லிட்டாரேக்கா” என்றேன்.

“நீ சொன்னா சரிதாண்டா.”

அக்காவுக்கு வாயில் எதுவும் தங்காது. அவளிடம் சொன்னால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் தலைவருக்குத் தெரியும். அடுத்த கூட்டத்திலேயே அவர் பொய்யராகிவிடுவார். ஒரு நல்ல மனிதரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை.

பதினொரு பேர், ஐயா. பாப்பா ஏழாவது. தலைவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கதறி அழுதார். ஜெயித்தார். இதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்கச் சொல்லி உங்களை அனுப்பியதும் அவர்தானே. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

ஆமாம், அறிக்கையை மறைத்தவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ‘அக்காவை ஏமாற்றினான்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? தலைவர் மேடையில் சொல்லத்தானே செய்தார்? உறை வந்த அன்றே என் வீட்டுக்குக் கேன் தண்ணீர் போடச் சொல்லிவிட்டேன். அதைப் பற்றி அக்கா கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.