நானூறு படங்களின் சராசரி

நள்ளிரவு தாண்டி இரண்டு பத்து. சாவ் கார்லோஸுக்கு வெளியே கரும்புக்காட்டை ஒட்டிய தனிச்சாலை... அங்கேதான் ஆராய்ச்சி மாணவி ஜுரேமா செத்தாள். அடைமழை, பைக். "லேப்ல லேசர் நின்னுபோச்சு, இப்பவே வா" என்று கூப்பிட்டவர் பேராசிரியர் ஒட்டாவியோ. கூப்பிட்டுவிட்டு அவர் தூங்கப் போய்விட்டாராம், மனுஷன்!

அடுத்தது என் மச்சான் நிவால்டோவுக்கு நடந்தது. அடுப்புக்கரியை இப்படித் தள்ளுங்கள். பயமில்லை... பயப்படுகிற அளவுக்கு எனக்கு இயற்பியல் வராது.

அணு வாயுவை மெதுவாகக் குளிரவைத்தால் எல்லா அணுவும் ஒரே அலையாகிவிடும். அவசரப்பட்டால் ஆங்காங்கே சுழல் விழும், ஓட்டை ஓட்டையாக. ஒவ்வொரு முறையும் வேறு இடம். படமெடுத்ததும் அந்த வாயு மேகம் காலி. அடுத்ததைப் புதிதாகச் செய்யவேண்டும். ஜுரேமா மூன்று வருடம் செய்தாள். அவள் செத்ததும் ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு, மிச்சப் படங்களை எடுக்க நிவால்டோவை உட்காரவைத்தார் ஒட்டாவியோ.

கேமரா டிக்... அரை நிமிடம்... டிக். வெளியே சொட்டு மழையில்லாத ஆகஸ்ட். உள்ளே நனைந்த மழைக்கோட்டு வாடை.

இரண்டு பத்துக்கு நானூறு படங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தான். இடம் மாறி மாறி விழுந்த ஓட்டைகள் கரைந்து, மேகம் வழவழவென்று வரவேண்டும். ஐந்து ஓட்டைகள் நின்றன. வளைவாக... இடதுகை விரல்நுனிகள் மாதிரி.

ஜுரேமா இடதுகைக்காரி.

"லென்ஸ்ல அழுக்குடா, லூசு!" என்கிறாள் இதோ என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் நெய்டே.

அவனும் துடைத்தான். கேமராவையே திருப்பிவைத்தான். படத்தில் அந்தக் கை இடம் மாறவில்லை. கட்டுரையில் அவள் பெயரை முதல் பெயராக அடித்தான். திரும்ப நானூறு படம்... விடியும்போது மேகம் வழவழவென்று வந்தது. உட்கார்ந்து அழுதிருக்கிறான், கழுதை. நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.

காலையில் ஒட்டாவியோ வந்து பார்த்தார். "செத்தவளுக்கு எதுக்குப்பா பேரு? வேலைக்கா போகப்போறா?" அழித்தார். அனுப்பினார். காப்பி குடித்தார்.

நிவால்டோவுக்கு ஆத்திரம். அன்றிரவே மறுபடி நானூறு எடுத்தான்.

பத்து ஓட்டைகள். இரண்டு கை. கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி... எதையோ சுற்றிப் பிடித்த மாதிரி.

கட்டுரை வெளிவந்துவிட்டது. அவள் பெயர் இல்லை. போன வாரம் ஒட்டாவியோவைப் பார்த்தேன். உச்சிவெயில், சட்டையெல்லாம் வியர்வை... கழுத்தில் மட்டும் கம்பளித் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார்.