வியாழக்கிழமை விளம்பரங்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் போகிறவனுக்கு யாரும் நாற்காலி போட மாட்டார்கள், சார். டீச்சர் போட்டார். ரிட்டயரான கணக்கு டீச்சர். மகளும் மருமகனும் கூடவே இருந்தார்கள். எதைத் தொட்டாலும் திரையில் விளம்பரம் வந்து விழுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

அது லேசில் போகிற சனியன் இல்லை. ‘நீக்கு’ என்ற பட்டனை அழுத்தினால் இன்னொன்று உள்ளே இறங்கும். இங்கே அழித்தால் வேறு பெயரில் அங்கே உட்கார்ந்திருக்கும். மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். அவ்வளவு நேரமும் டீச்சர் பக்கத்திலேயே இருந்து என்னைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கிளம்பும்போது அந்தச் சனியனில் ஒரே ஒரு துணுக்கை மட்டும் வேண்டுமென்றே அழிக்காமல் விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை கூப்பிட்டார். அதற்கடுத்த வியாழனும்.

“எப்படித் தம்பி திரும்பத் திரும்ப வருது?”

“வீட்ல வேற யாராவது இதைத் தொடுறாங்களா டீச்சர்?”

அவ்வளவுதான் கேட்டேன். அவர் பார்வை மருமகனின் அறைப் பக்கம் போனது.

பிறகு விளம்பரங்களை நானே பார்த்துப் பார்த்து வைத்தேன். முதியோர் இல்லம். பழைய வீடுகளை உடனே வாங்குகிறோம். அந்த மாதிரி.

“நாம தேடுறதுதான் விளம்பரமா வரும்னு சொன்னீங்கல்ல?” என்றார் டீச்சர், குரலைத் தாழ்த்தி. ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லையே.

மருமகன், “சத்தியமா நான் எதையும் தேடலை அத்தை” என்று தலையில் அடித்துக்கொண்டார். மகள், “அந்த ஆள் வர ஆரம்பிச்சதிலேர்ந்துதாம்மா இப்படி” என்றாள். கெட்டிக்காரப் பெண். டீச்சர் காதில் வாங்கவில்லை. ஒரே மாதத்தில் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். பெட்டிகளை வண்டியில் ஏற்ற நான்தான் கைகொடுத்தேன்.

அதற்கப்புறம் நிம்மதியாக இருந்தது. மகள் போன் செய்தால் டீச்சர் எடுப்பதில்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் மேலும் சந்தேகம். வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்துவைத்தார்.

போன வியாழன் மணி அடித்தேன், திறக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் குளியலறையில் கிடந்தார். செவ்வாய்க்கிழமையே விழுந்திருக்கிறார், ஒரு நாள் முழுக்க உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

எல்லாம் நான் செய்ததுதான், சார். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நானும் போகாமல் இருந்திருந்தால் அவர் கிடந்தது யாருக்குத் தெரிந்திருக்கும்? அந்த வீட்டுக்குத்தான் வேறு யாருமே வருவதில்லையே.