வலக்கை அடித்த இழை

காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, முந்தின நாள் நெய்த துணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பது என் வழக்கம். கண் தாட்சண்யம் பார்க்கும், உள்ளங்கை பார்க்காது.

எங்களுடையது ஆறு கைத்தறிகள் மட்டுமே உள்ள சிறிய நெசவாலை. பழங்காலத் துணிகளை, அவை பொடிந்து போகுமுன், இழைக்கு இழை அப்படியே மறுபடி நெய்து தருவோம். அழகாக நெய்வது எங்கள் வேலையல்ல, அதிகாரி அம்மா. இருந்தபடியே நெய்வதுதான் வேலை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பழைய திரைச்சீலை வந்தது. அதில் ஓர் இழை நெருக்கமாகவும் அடுத்தது சற்றே தளர்ந்தும் மாறி மாறி வந்தன. வெளிச்சத்தில் பிடித்தால், குளத்து நீரில் காற்றுப் பட்டதுபோல் துணி முழுவதும் மெல்லிய அலை ஓடியது. காரணம் எனக்கு உடனே புரிந்தது. குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவை வலக்கை எறியும்போது இடக்கை பலகையை இழுத்து இழையை நெருக்கும். இடக்கை எறியும்போது வலக்கை நெருக்கும். அதை நெய்தவருக்கு வலது மணிக்கட்டு பழுது. அவ்வளவுதான்.

எங்கள் தலைமை நெசவாளர் என் மனைவியின் தம்பி. அவனிடம் இருந்த ஒரே குறை, அவனுக்குக் குறையோடு நெய்யத் தெரியாது என்பதே.

"மாப்ளே, வலக்கையால மெதுவா அடி."

"மெதுவாத்தான் மாமா அடிக்கிறேன். கொஞ்ச தூரம் நினைப்பு இருக்கு, அப்புறம் கை அதுபாட்டுக்கு அதோட வேலையைப் பாக்குது. நொண்டுடான்னா வாசல் வரைக்கும் நொண்டலாம். ஊர் பூரா நொண்ட முடியுமா?"

தறிக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நெய்து அனுப்பியதை அருங்காட்சியகப் பொறுப்பாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். "துணி நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு. அதுதாங்க சிக்கல்" என்றார்.

ஒரு கதை சொல்கிறேன். நொண்டி நரி ஒன்றின் தடம் புரியாமல் வேட்டை நாய்கள் திரும்பிப் போயினவாம். அதைக் கண்ட இன்னொரு நரி நொண்டிப் பழகியது. நாய்கள் துரத்தியதும் மறந்து நேராக ஓடி மாட்டிக்கொண்டது. மூன்றாம் நரி யோசித்து, தன் காலைக் கடித்துக்கொண்டது. அது பிழைத்தது.

நீங்கள் கேட்பது சரி, அம்மா. அந்த நரி கடித்தது தன் காலைத்தான். ஆனால் எனக்கு நெய்யத் தெரியாதே.

சில நாளில் விபத்து நடந்தது. நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த ஓர் இழையை முடிய அவன் குனிந்தபோது, தறியின் மேல்சட்டம் சரிந்து வலது மணிக்கட்டில் விழுந்தது. அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான். எல்லோரும் சாட்சி சொல்வார்கள். எலும்பு விலகியிருக்கிறது, வீக்கம் வடிந்ததும் அறுவை செய்து நேராக்கிவிடலாம், தள்ளிப்போட்டால் கோணலாகவே கூடிவிடும் என்று மருத்துவர் என்னிடம் தனியே சொன்னார். நான் அவனிடம், "கத்தி வைச்சா கையையே எடுக்க வேண்டி வரலாம்னு சொல்றார் மாப்ளே" என்றேன். அவன் வெளிறிப்போய், "வேணாம் மாமா, கட்டோடயே இருந்துக்கறேன்" என்றான். முடிவு அவனுடையது. நான் வற்புறுத்தவில்லை.

கட்டைத் தளர்த்திக்கொண்டு அவன் மீண்டும் தறியில் உட்கார்ந்தான். வலி இருந்தது, மறைக்க மாட்டேன். ஒவ்வொரு முறை வலக்கை பலகையை இழுக்கும்போதும் அவன் மூச்சு நின்று வந்தது. அந்த மூச்சின் இடைவெளி அப்படியே துணியில் இறங்கியது. அலை வந்தது, அம்மா. பொறுப்பாளர் நேரில் வந்து, தறியில் விளக்கைப் பிடித்துப் பார்த்து, "இதேதாங்க" என்றார்.

பாதித் திரைச்சீலை முடிந்திருந்தது. அப்போது அந்த மருத்துவர் என் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறார். அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே என் அறைக்கு வந்தாள்.

"தம்பியை ஏன் கூட்டிட்டு வரலைன்னு டாக்டர் கேக்கறார். இந்த வாரம் விட்டா கை அவ்வளவுதானாம். அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"துணி முடியட்டும். பாதியில கை நேரானா மீதிப் பாதி ஒட்டாது."

அவள் என் மேசைமேல் இருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குள் போனாள். நான் பின்னால் ஓடுவதற்குள், தம்பியின் முன் நீட்டிக் கட்டியிருந்த பாவு இழைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை வெட்டினாள். பாதித் துணி தறியிலிருந்து தொய்ந்து விழுந்தது.

"என்னக்கா பண்றே! பைத்தியமா உனக்கு?"

"எந்திரிடா. சட்டம் விழுந்ததுக்கு முந்தின நாள் இவர் கொட்டாப்புளிச் சுத்தியலோட உன் தறிகிட்ட நின்னதை நான் பாத்தேன். ஏன்னு கேக்கலை. கேட்டா வாழ்க்கை என்னாகுமோன்னு பயந்து வாயை மூடிட்டேன். தப்பு என்னோடதும்தான். இப்ப வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவன் என்னைப் பார்த்தான். "மாமா?" என்றான். ஒரே ஒரு சொல். அவள் அவனுடைய இடக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கிருந்துதான் இந்தக் காவல் நிலையத்துக்கும் வந்திருக்கிறாள்.

ஆப்பசைத்த குரங்கின் கதை தெரியாதவர் இல்லை. மேல்சட்டத்தின் வலப்பக்க ஆப்பைத் தட்டித் தளர்த்தியது நான். அவன் எந்த இடத்தில் எந்தக் கையை வைத்துக் குனிவான் என்று அறிந்தே செய்தேன். முறிக்க நினைக்கவில்லை, பழைய நெசவாளருக்கு இருந்த அளவு பழுதே எனக்குப் போதுமானதாக இருந்தது. இதை மறுக்கவோ மாற்றவோ மாட்டேன்.

அறுவை நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். விரல்கள் அசைகின்றனவாம், கை நேராகிவிடுமாம். மகிழ்ச்சி. எலும்பு கூடிவிடும், அம்மா. ஆனால் வெட்டிய பாவு இழைகளை எத்தனை நுணுக்கமாக முடிந்தாலும் முடிச்சு துணியில் தெரியும். அந்த அலையும் இனி எவர் கையிலிருந்தும் வராது. ஆகவே என் மனைவி செய்ததையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குற்றத்துக்கு நான் நேரில் சாட்சி.